முழுதாக விழுங்கவும்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பதினெட்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்திச் சோறு தின்கிறவனுக்கு முதல் வரியிலேயே தெரிந்தே ஒரு பிழையை விட மனம் வரவில்லை. இங்கு அனைவரும் இல்லை. உன் அம்மா இந்த வீட்டை விட்டுப் போய் ஐந்து வாரம் ஆகிறது. பதறாதே, உன் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள், என்னைப் பார்க்காததால் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உன்னோடு காணொளியில் பேசும்போது பின்னால் தெரியும் பச்சைத் திரை நம் வீட்டுத் திரை அல்ல என்பதை நீ கவனிக்கவில்லை. நான் பேசும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேன். எப்பப் பாத்தாலும் குளிச்சிட்டே இருக்காங்களேப்பா, தண்ணி தீர்ந்துடப் போவுது என்று நீ சிரித்தாய். நாங்கள் இருவரும் கலந்து பேசிக்கொள்ளாமலே உன்னிடம் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். இந்த நான்கு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம் என்பாய். உனக்கு என்னோடு பேசக் கிடைப்பது வாரத்துக்கு ஐந்து நிமிடம், அதில் மூன்று நிமிடம் கேக்குதா கேக்குதா என்று போய்விடுகிறது. நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். எழுதினால் குறுக்கே யாரும் பேச முடியாது.

விஷயம் என் சர்க்கரையில் தொடங்குகிறது. அது வந்து ஒன்பது வருடம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். முதலில் மெட்ஃபார்மின் ஒரு மாத்திரை, பிறகு இரண்டு, பிறகு காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் கிளிமெபிரைடு என்று ஒரு சின்ன மாத்திரை. மருத்துவர் இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பார்த்ததில்லை, ரத்தப் பரிசோதனைத் தாளைத்தான் பார்ப்பார், தாளில் இருக்கும் எண்ணோடு பேசுவார். நான்கு மாதத்துக்கு முன் அந்த எண் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் மெட்ஃபார்மினை மாற்றி, மெதுவாகக் கரையும் வகை என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார், தினமும் இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. வீட்டுக்கு வந்து அட்டையைப் பிதுக்கிப் பார்த்தால் அது மாத்திரையாகவா இருந்தது, படகு மாதிரி இருந்தது. இரண்டாவது நாளே தொண்டையில் நின்றுகொண்டது. மேலேயும் வரவில்லை கீழேயும் போகவில்லை, கண்ணில் நீர் முட்டி நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உன் அம்மா ஓடி வந்து முதுகில் நாலு அடி அடித்தாள். அந்த அடிகளில் ஒன்றிரண்டு மாத்திரைக்காக அல்ல, பழைய பாக்கி என்று எனக்குப் பட்டது. மறுநாள் அச்சகத்திலிருந்து தாள் வெட்டும் பிளேடு ஒன்றைக் கொண்டு வந்தேன். மாத்திரையின் நடுவில் அதை வைத்து இரண்டாக வெட்டினேன். பாதியை இரவில் போட்டுக்கொண்டேன், மறு பாதியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்து மறுநாள் மதியம். இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று, இதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மருத்துவரிடம் போய் எனக்கு விழுங்க வரவில்லை என்று குழந்தை மாதிரிச் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. முகத்தைப் பார்க்காத மனிதரிடம் தொண்டையைப் பற்றி என்ன பேசுவது.

உன் அம்மா இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஏங்க, இதை உடைக்கவே கூடாதாமே, முழுசா முழுங்கணுமாம், கடைக்காரர் ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாரு என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், நீ உன் அம்மா பக்கம் என்று எனக்குத் தெரியும், உனக்கு வசதியாக இருக்கட்டும். மருந்துப் பெட்டிக்குள்ள வைக்கிற தாளையெல்லாம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி படிக்கிறவன் நான், எனக்கு ஒரு கடைக்காரன் பாடம் எடுக்கணுமா, அதுக்கு நீ தூதா என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் என் பாராட்டுக் கடிதம் சட்டத்தில் தொங்குவது உனக்கு நினைவிருக்கும். சரிங்க, நீங்க படிச்சவங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கடிதத்தின் கதையை நீ பள்ளியில் படிக்கும்போதே நூறு முறை கேட்டிருப்பாய், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் உன்னிடம் எப்போதும் பாதியைத்தான் சொன்னேன். ஒரு மருந்துக் கம்பெனிக்காக இரண்டு லட்சம் தாள் அச்சாகத் தயாராக இருந்தது, எட்டாக மடித்து மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் எறும்பு எழுத்துத் தாள். எழுத்துக் கோத்தவன் அதில் ஒரு வரியை விட்டுவிட்டான். நான் மூலத்தோடு ஒப்பிட்டு அதைப் பிடித்தேன். கம்பெனியிலிருந்து பாராட்டி எழுதினார்கள். பதினெட்டு வருடத்தில் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. எழுத்துக் கோத்தவனுக்கு விட்டவரி என்று பெயர் வைத்தேன், டேய் விட்டவரி, இன்னைக்கு எத்தனை வரியைத் தின்னே என்று எல்லார் முன்னாலும் கேட்பேன், ஆறு மாதத்தில் அச்சகம் முழுவதும் அவனை அப்படித்தான் கூப்பிட்டது. பிறகு எனக்கு வர வேண்டிய மேற்பார்வையாளர் நாற்காலி அவனுக்குப் போனது, என்னைவிடப் பதினாறு வயது சின்னவனுக்கு. அதன் பிறகு யாரும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை, நான் மட்டும் மனதுக்குள் கூப்பிட்டுக்கொள்வேன். உன்னிடம் சொல்லாத மீதி என்னவென்றால், அவன் விட்ட அந்த வரி எது என்பது. அதற்கு வருகிறேன்.

வெட்ட ஆரம்பித்துப் பத்து நாளில் எனக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம். காலையில் அச்சகம் கிளம்புவதற்குள் மூன்று முறை, பேருந்தில் ஏறினால் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கிறது என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பேன். பிழை திருத்தும் மெய்ப்பு அறை மாடியில், கழிப்பறை கீழே வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால். நான் படியில் இறங்கும் வேகத்தைப் பார்த்து இயந்திரக்காரர் வழி விடுங்கப்பா, விரைவு வண்டி வருது என்பார். எடை குறைந்தது, கண் குழி விழுந்தது. காரணம் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, உன் அம்மாவின் சமையல். முதலில் எண்ணெய் சரியில்லை என்றேன், அவள் எண்ணெயை மாற்றினாள். தண்ணீர் என்றேன், கொதிக்க வைத்து வடிகட்டினாள். காரம் என்றேன், காரத்தை நிறுத்தினாள், புளிப்பை நிறுத்தினாள், கடைசியில் வெறும் வெந்த காயும் உப்பும்தான் தட்டில் இருந்தது. அதற்கும் பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்றேன். நானும் அதே பாத்திரத்துல இருந்துதானே சாப்பிடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள். உனக்குக் கல்லு வயிறு என்றேன். அவளும் சர்க்கரைக்காரிதான் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை. அவள் மாத்திரையை அவள் எப்போது போடுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது, இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, அச்சகத்தில் அந்த விட்டவரியோடு ஒரு சச்சரவு, அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், இரண்டு வாய்தான் வைத்தேன், கழிப்பறைக்கு ஓடித் திரும்பி வந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, என்னைச் சாகடிக்கிறதுக்குத்தான் சமைக்கிறியா என்று கேட்டேன். பாப்பா, முப்பத்து மூன்று வருடத்தில் அவளை நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், அவளும் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவள் தட்டை எடுத்தாள், சாப்பாட்டை மூடி வைத்தாள், பாத்திரம் கழுவினாள். மறுநாள் காலையில் நீ அனுப்பிய மாத்திரைப் பெட்டியை, வரிசைக்கு ஏழாக இருபத்தெட்டு அறை உள்ள அந்த நீலப் பெட்டியை, மேசையில் வைத்து ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்ன மாத்திரை, ஒரு பெரிய மாத்திரை என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். பெரியதை முழுசாகத்தான் வைத்தாள். இருபத்தெட்டு மூடியையும் அழுத்தி மூடினாள். பிறகு ஒரு பையோடு வாசலில் நின்று, இனிமே நீங்களே சமைச்சு நீங்களே சாப்பிடுங்க, அப்பவும் வயித்தால போச்சுன்னா யாரைக் குத்தம் சொல்றீங்கன்னு பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைக்கூடச் சத்தமாகச் சாத்தவில்லை. எனக்கு அதுதான் கோபம்.

அவள் சொன்னபடியே ஆனது. நான் ரொட்டி வாங்கினேன், முட்டை வேக வைத்தேன், வயிற்றால் போனது. ரொட்டிக் கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். ரொட்டியை நிறுத்திப் பழம் சாப்பிட்டேன், போனது. பழத்தில் மருந்து அடிக்கிறார்கள் என்றேன். யாரிடம் சொன்னேன், சமையலறைச் சுவரிடம்தான். அவளுடைய பெட்டியிலிருந்து தினமும் ஒரு முழு மாத்திரையை எடுத்துப் பிளேடால் வெட்டிக்கொண்டே இதையெல்லாம் யோசித்திருக்கிறேன். சாப்பிட்டால்தானே தொல்லை என்று பிறகு சாப்பாட்டையே குறைத்தேன். காலையில் வெறும் தேநீர், ஆனால் அந்தச் சின்ன மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன், மருந்து விஷயத்தில் நான் ஒழுங்கானவன் என்று எனக்குப் பெருமை. அந்த மாத்திரை சர்க்கரையை இறக்கும், வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இறக்கும். அதுவும் தாளில் இருக்கிறது.

பெட்டியின் நான்காவது வரிசையில் முதல் அறையைத் திறந்த நாள். அச்சகத்தில் காலை பதினொரு மணி இருக்கும், மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அச்சு விலகியிருக்கிறது, எவன் இந்தத் தகட்டைப் பூட்டினான் என்று கத்தினேன். கை நடுங்கியது, முதுகில் வியர்வை ஓடியது, அதையும் அவர்கள் மேல் உள்ள கோபம் என்றே நினைத்தேன். விட்டவரிதான் வந்து தாளைப் பார்த்து, அச்சு சரியாத்தான் சார் இருக்கு, உங்களுக்குத்தான் என்னமோ ஆவுது, உக்காருங்க என்றது காதில் விழுந்தது. அதற்குள் நான் மேசை மேல் சாய்ந்துவிட்டேன். தேநீர் அறையிலிருந்து சர்க்கரை டப்பாவைக் கொண்டு வந்து தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக என் வாயில் புகட்டியது அவன்தான். முழுங்குங்க சார், மெதுவா, இன்னும் ஒரு வாய் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கால் மணி நேரத்தில் எழுத்துகள் ஒன்றாகிவிட்டன. வீட்டுக்குச் சொல்லட்டுமா, அம்மா நம்பர் என்ன என்று கேட்டான். வேண்டாம் என்றேன். என்ன மாத்திரை சார் சாப்பிடறீங்க, டாக்டர் கேப்பாரு என்று என் சட்டைப் பையில் கை விட்டான். தாளில் மடித்த பாதி மாத்திரை வெளியே வந்தது. வெட்டிய பக்கம் வெள்ளையாக, ஓரம் பொடி உதிர்ந்து. அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தான். எந்த மாத்திரை என்று அவன் கேட்கவில்லை. பிறகு சொன்னான், குத்தலாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. சார், இந்த ஒரு வரியை நான் விட்டதுக்கு என்னை எவ்வளவு பேசினீங்க.

நான் வெட்டிய இதே மாத்திரையின் தாளில் அன்று அவன் விட்ட அந்த வரி இதுதான் பாப்பா. மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது, முழுதாக விழுங்கவும். சுவரில் நான் சட்டம் போட்டு மாட்டியது இந்த வரியைக் காப்பாற்றியதற்காக. அதன் பிறகும் அந்தத் தாள் வருடத்துக்கு இரண்டு முறை என் மேசைக்கு வந்தது, ஒவ்வொரு முறையும் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் தேடுவேன், இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. என் தொழிலில் எழுத்தைப் பார்க்க வேண்டும், பொருளைப் பார்த்தால் எழுத்து தப்பிவிடும், அப்படியே பழகிவிட்டேன். என் பெட்டிக்குள் இருந்த தாளை நான் பிரித்ததே இல்லை. படித்ததுதானே என்று ஒவ்வொரு மாதமும் பெட்டியோடு குப்பையில் போட்டேன்.

அவனே வண்டியில் மருத்துவரிடம் அழைத்துப் போனான். மருத்துவர் அன்றைக்குத்தான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மெதுவாகக் கரைய வேண்டியதை வெட்டினால் மருந்து மொத்தமாக வயிற்றில் இறங்கிவிடும், வயிறு எப்படித் தாங்கும் என்றார். படிச்சவங்கதான் சார் எங்களுக்குப் பெரிய தலைவலி, முழுங்க முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சின்னதா மாத்திக் கொடுத்திருப்பேனே என்றார். ஒரு வார்த்தை. இப்போது சின்ன மெட்ஃபார்மின், காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பாட்டோடு. காலை மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார், சாப்பிடாமல் அதைத் தொடக் கூடாது என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். நான்காவது நாள் வயிற்றால் போவது நின்றுவிட்டது. நான் சமைத்த கருகலைத் தின்றும் நின்றுவிட்டது. அன்று நாற்காலி மேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது, வேறு ஏதாவது மாட்ட வேண்டும்.

அதற்குப் பிறகும் பத்து நாள் எடுத்துக்கொண்டேன் உன் அம்மாவைப் பார்க்கப் போவதற்கு. நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் சித்தப்பாதான் கதவைத் திறந்தார், வாங்கண்ணே, மாத்திரையே இல்லாம நடந்தே சர்க்கரையை அடக்கிட்டேன் தெரியுமா என்று வாசலிலேயே ஆரம்பித்தார், அந்த ஆளை எனக்கு என்றைக்கும் பிடிக்காது, உனக்கே தெரியும். சித்தி, என்ன அத்தான், எங்க வீட்டு எண்ணெய்ல சாப்பிடுவீங்களா, இல்ல தண்ணி மட்டும் கொதிக்க வெச்சுத் தரட்டுமா, ஆடத் தெரியாதவளுக்குத் தெருக் கோணல்னு சும்மாவா சொன்னாங்க என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து எதிரில் நின்றாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அச்சகத்திலிருந்து கொண்டு வந்த அந்த மாத்திரைத் தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன், வரிக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். கண்ணாடி மாடியில இருக்கு, நீங்களே படிங்க என்றாள். சித்தியும் அவரும் நிற்கிறார்கள். படித்தேன். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது, முழுதாக விழுங்கவும். அதுக்கு அடுத்த வரி என்னங்க என்றாள். அதற்கு நான் கோடு போடவில்லை. ஐயம் இருந்தால் மருந்தாளரிடம் கேட்கவும். நான் அதைத்தானே செஞ்சேன் என்றாள். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு, இப்ப வயிறு எப்படி இருக்கு என்று கேட்டாள். நின்னுடுச்சு என்றேன். மயங்கி விழுந்ததையும் சொன்னேன், யார் சர்க்கரை கரைத்துக் கொடுத்தது என்பதையும் சொன்னேன். அப்ப எண்ணெய் என்றாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பு என்ற வார்த்தையில் எனக்கு எழுத்துப் பிழை வராது, வாயில்தான் வராது. எண்ணெய் நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். தண்ணி என்றாள். தண்ணியும் நல்லாத்தான் இருந்துச்சு. பாத்திரம். பாத்திரமும். உன் சித்தப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார், அதற்காக மட்டும் அவரைக் கொஞ்சம் மன்னித்தேன். அவள் கையை நீட்டினாள். நீலப் பெட்டியையும் புது மாத்திரை அட்டைகளையும் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து, அட்டையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பிதுக்கி நிரப்பினாள். ஏழு அறையோடு நிறுத்தி மூடிவிட்டாள். மீதி என்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, பாக்கலாம் என்றாள். இருபத்தொரு அறை காலியாக இருக்கிறது பாப்பா. அதை அவள் அங்கே உட்கார்ந்து நிரப்புவாளா, இங்கே வந்து நிரப்புவாளா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன், குலுங்கும்போதெல்லாம் அந்த ஒரு ஓரத்தில் மட்டும் சத்தம் கேட்டது.

எனக்காக நீ அவளிடம் பரிந்து பேச வேண்டாம். நான் ஐந்து வாரத்தில் புரிந்துகொண்டதை நீ ஐந்து நிமிடத்தில் அவளுக்கு விளக்க முடியாது, அவளுக்கு விளக்கவும் தேவையில்லை. இனி அம்மாவோடு பேசும்போது பச்சைத் திரையைப் பற்றிக் கேளாதே, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேள், அதை இந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை. உனக்கும் முப்பத்தொன்று ஆகிறது, அப்பா அம்மா இருவருக்கும் இருப்பது உனக்கு வராது என்று எழுதித் தருவார் யாரும் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொள். மாப்பிள்ளை ஏதாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னால் உன் படிப்பை எடுத்துக் காட்டாதே, அந்தக் குணம் நம் வழியில் உண்டு. அச்சகத்தில் அவன் இப்போது தினமும் பதினொரு மணிக்கு மாடிக்கு வந்து, சாப்பிட்டுட்டுத்தானே சார் வந்தீங்க என்று கேட்டுவிட்டுப் போகிறான், நான் தலையை ஆட்டுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு வாழ வேண்டும், வேறு ஆசி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு முறை திருப்பிப் படித்துவிட்டேன், பிழை எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் வரி ஏதாவது விட்டுப்போயிருந்தால் அம்மாவிடம் கேள், அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா